20 ஏக்கர் புஞ்சையும் எட்டுக் குடும்பமும்: தற்சார்புக் கிராமம் தொடங்குமுன்

நீங்கள் கேட்டது இது. சென்னையில் வேலை பார்க்கும் எட்டுக் குடும்பங்கள், குழந்தைகளோடு சேர்த்து 32 பேர், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே 20 ஏக்கர் புஞ்சை பார்த்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த மாதம் அட்வான்ஸ் கொடுப்பதாக இருக்கிறீர்கள். வீட்டு வரைபடம்கூடத் தயார். தற்சார்புக் கிராமத்தை எதிலிருந்து தொடங்குவது, எங்கே சறுக்கும் என்று கேட்கிறீர்கள்.

அதே பக்கத்தில்தான் 16 வருடமாக இப்படி ஓர் இடத்தில் குடியிருக்கிறேன். ஒன்பது குடும்பமாக வந்தோம். நான்கு குடும்பம் போய்விட்டது, மூன்று குடும்பம் பிறகு வந்து சேர்ந்தது. போனவர்கள் யாரும் உழைக்கத் தயங்கியவர்கள் இல்லை. எங்களில் நன்றாக மண்வெட்டி பிடித்தவர்தான் முதலில் கிளம்பினார். அதனால் நான் சொல்வதில் விவசாயம் கொஞ்சமாகவும் மற்றவை அதிகமாகவும் இருக்கும்.

வீட்டு வரைபடத்தைக் கொஞ்ச நாள் மடித்து வையுங்கள். அந்த நிலத்தில் தண்ணீர் எப்படிப் போகிறது, பக்கத்து ஊர் உங்களை எப்படிப் பார்க்கிறது, உங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டீர்கள், இந்த மூன்றும் தெளிந்த பிறகுதான் வீடு. என் அனுபவத்தில் அதற்கு இரண்டு மழைக்காலம் பிடிக்கும். அதுவரை ஒரு கீற்றுக் கொட்டகையும் ஒரு கழிப்பறையும் போதும். சனி ஞாயிறு வந்து தங்குங்கள். இரண்டு பேர் மட்டும் முழு நேரமாக இருக்கட்டும்.

முதலில் தண்ணீர். தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஓர் ஏக்கரில் வருடத்துக்கு விழுவது 36 லட்சம் லிட்டர், உங்கள் 20 ஏக்கரில் 7 கோடி லிட்டருக்கும் மேல். 32 பேரும் ஆளுக்குத் தினம் 100 லிட்டர் புழங்கினாலும் வருடத்துக்கு 12 லட்சம் லிட்டர்தான் ஆகும். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கில் விழும் மழை அதற்குப் போதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த மழையில் கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மரமில்லாத செம்மண் சரிவில் அது நிற்காது. மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும்.

ஓடுவதை நடக்க வைப்பது, நடப்பதை நிற்க வைப்பது, அவ்வளவுதான் வேலை. அதற்கு இஞ்சினியர் தேவையில்லை. ஆளுயர மூங்கில் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் குச்சி கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் குச்சியின் நடு அடையாளத்தில் வந்து நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். ஒரு காலை ஊன்றி மறுகாலைத் திருப்பித் திருப்பி மட்டம் கிடைக்கும் இடத்தில் எல்லாம் சுண்ணாம்புப் பொடி போட்டுக்கொண்டே போனால், நிலத்தின் மேல் வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக் கோடு விழும். அதுதான் சம உயரக் கோடு. அந்தக் கோட்டில் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடவேண்டும். வரப்பின் மேல் வெட்டிவேரும் நொச்சியும் நட்டால் கரை கரையாது. எங்கள் நிலத்தில் முதல் கோடு போட்டு முடிக்க ஒரு பகல் ஆனது. நேர்க்கோட்டில் வேலி போட்டு வளர்ந்த கண்ணுக்கு அந்த வளைவு முதலில் ஒப்பவே இல்லை. மழை வந்ததும் ஒப்பியது.

குட்டையும் வெட்டலாம். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், பக்கங்கள் சரிவாக இருந்தால் சுமார் 13 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆனால் நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருடத்துக்கு ஐந்தாறு அடி ஆவியாகவே போய்விடும். குட்டையை நம்புவதைவிட மண்ணை நம்புவது மேல். மட்கு சேரச் சேர மண்ணே தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதற்கு ஆவியாகும் கவலை குறைவு.

நாங்கள் செய்த பெரிய தவறை இந்த இடத்தில் சொல்லவேண்டும். முதல் வருடமே நிலத்தின் மேல்கோடியில் ஓடையை மறித்து உயரமாகக் கரை கட்டினோம். பட்டாவுக்கு உட்பட்ட இடம்தான். ஐப்பசியில் குட்டை ததும்பியது, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். கார்த்திகையில் ஊரிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். சத்தம் போடவில்லை. ஏரிக்கு மடை திறந்து அடைக்கும் வேலையை முப்பது வருடம் பார்த்த ஒரு பெரியவர் கரையில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: “ஏம்மா, நீ கட்னது ஒன் நெலத்துலதான், நாங்க இல்லங்கல. ஆனா இந்தத் தண்ணி எங்க சித்தேரிக்குப் போவறதாச்சே. இந்த வருசம் ரெண்டு மழ பேஞ்சும் ஏரியில கால் நனையல.” 

எங்கள் மேசையில் இருந்த வரைபடத்தில் அந்த ஏரியே இல்லை. நிலத்தின் எல்லை வரைக்கும்தான் வரைந்திருந்தோம்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. பல ஏரிகள் சங்கிலித் தொடர். ஒன்று நிரம்பி அதன் கலங்கலில், அதாவது உபரி நீர் வெளியேறும் வாயில், வழிவது அடுத்ததன் வரத்துக் கால்வாய்க்குப் போகும். மேட்டில் ஒருவர் மறித்தால் பள்ளத்தில் ஒரு ஊரே காயும். மறுநாளே அந்தப் பெரியவரையே வைத்துக்கொண்டு கரையைத் தணித்துக் கல் பாவி ஒரு கலங்கல் அமைத்தோம். முழங்கால் ஆழம் எங்களுக்கு, அதற்கு மேல் ஏரிக்கு. அடுத்த வைகாசியில் வரத்துக் கால்வாயில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்ட ஊர் ஆட்களோடு நாங்கள் ஒன்பது குடும்பமும் போனோம். எங்களுக்கு அந்த ஊரில் பேர் கிடைத்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் எங்களைக் குறிப்பிட அவர்களிடம் ‘மேட்டு பங்களாக்காரங்க’ என்ற சொல் இருந்தது, அப்போது நாங்கள் கொட்டகையில்தான் இருந்தோம்.

ஆகவே நிலம் வாங்குமுன் ஊரோடு பழகுங்கள். இதற்கு நல்ல வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டம். வாக்காளராக இல்லாதவரை உங்களுக்குப் பேச உரிமையில்லை, ஓரமாக நின்று கேட்கலாம். குடிநீர்த் தொட்டிக்கு யார் சண்டை போடுகிறார், சுடுகாட்டுப் பாதை யாருக்கு மறிக்கப்படுகிறது, ஊரக வேலைத் திட்டத்தில் எந்த ஓடையைத் தூர்வாரப் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். இரண்டு கூட்டம் கேட்டால் அந்த ஊர் உங்களுக்கு ஏற்றதா என்று புரிந்துவிடும்.

சாதியைப் பற்றி நகரத்துக் குழுக்கள் பேசத் தயங்குகின்றன. தயங்காதீர்கள். நீங்கள் யாரிடம் நிலம் வாங்குகிறீர்கள், யாரை வேலைக்குக் கூப்பிடுகிறீர்கள், ஊர்த்தெருவில் மட்டும் பழகுகிறீர்களா, காலனியிலும் பழகுகிறீர்களா, உங்கள் சமையலறையில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்கிறார்களா என்பதை முதல் வாரத்திலிருந்தே ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம் என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னோம். சிலருக்கு வருத்தம்தான். இருக்கட்டும் என்று விட்டோம். திருவள்ளூர் பக்கம் குத்தம்பாக்கத்தில் ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ, சமத்துவபுரத்தில் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளாகக் கட்டி, ஒரு பக்கம் தலித் குடும்பமும் மறுபக்கம் வேறு சாதிக் குடும்பமும் குடியேற வழி செய்தார். ஒரு வீட்டின் சுவர் எங்கே நிற்கிறது என்பதே சமூகத்தை மாற்றும் என்று அவர் புரிந்துவைத்திருந்தார். சூரிய மின்சாரத்தைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில்லைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான். உங்கள் நிலத்திலிருந்து பக்கம்தான், பல தடவை போய்ப் பாருங்கள், இரண்டு விதமாகப் பாருங்கள்.

1968 பிப்ரவரி 28 அன்று அது தொடங்கியபோது அந்த மேடு பொட்டல் செம்மண். ஒரு காலத்தில் உலர் பசுமைமாறாக் காடு இருந்த இடம். மழை பெய்தால் சிவப்புத் தண்ணீர் வங்கக் கடல் வரை ஓடும். வந்தவர்கள் முதலில் செய்தது வரப்பு கட்டியது, கன்றுகளுக்குச் சுமந்து தண்ணீர் ஊற்றியது, ஆடு மாட்டிடமிருந்து காப்பாற்றியது. வெயில் தாங்க முதலில் ஆஸ்திரேலிய அகேசியா வகைகளை நட்டார்கள். அவை வேகமாக வளர்ந்து நிழல் கொடுத்தன, சருகு உதிர்த்து மண்ணை மூடின. அந்த நிழலில் நம் மண்ணின் மரங்கள் எழுந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது அங்கே ஏராளமான மரங்கள் சாய்ந்தன, அகேசியா நிறையவே போனது. கீழே காத்திருந்த உள்நாட்டு மரங்களுக்கு அதன்பின் வெளிச்சம் கிடைத்தது. வேகமாக வளரும் மரத்தை நடலாம், ஆனால் அதன் காலடியில் நாவல், இலுப்பை, உசிலை, வெப்பாலை, பாலை என்று நம் மரங்களையும் சேர்த்தே நடவேண்டும். 2003-லிருந்து அங்கே இயங்கும் சாதனா ஃபாரஸ்ட்டில் தன்னார்வலர்கள் மண்வரப்பு எழுப்பிக் காட்டை மீட்டெடுப்பதை நேரில் பார்க்கலாம். ஒரு வாரம் தங்கி மண் வெட்டுங்கள், உங்கள் எட்டுக் குடும்பத்தில் யாருக்கு இது ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு பார்வையும் வேண்டும். 50,000 பேர் வாழும் நகரமாகத் திட்டமிட்டது, அரை நூற்றாண்டு தாண்டியும் சில ஆயிரம் பேர்தான். சுற்றியுள்ள குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி போன்ற ஊர்களிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வருகிறார்கள். அதனால் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, பள்ளிகளும் மருத்துவ உதவியும் வந்திருக்கின்றன. அதே சமயம் நில விலை ஏறி, உள்ளூர் விவசாயி தன் ஊரிலேயே நிலம் வாங்க முடியாத நிலையும் வந்தது. 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது குடியிருப்பவர்கள் நடுவிலேயே பிளவு வெளியே தெரிந்தது. இலட்சியம் பெரிதாக இருந்தாலும், யார் முடிவெடுப்பது என்ற கேள்வி தீராவிட்டால் மரம்கூட மிஞ்சாது. 1988-ல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டமே போட்ட இடத்துக்கே அந்த நிலை என்றால், எட்டுக் குடும்பம் வாய்ப்பேச்சில் தொடங்கினால் என்ன ஆகும்?

ஆந்திராவில், முன்பு அனந்தப்பூரில் இருந்து இப்போது ஸ்ரீ சத்யசாய் மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் திம்பக்டு என்று ஓர் இடம் இருக்கிறது. நம்மைவிட மழை மிகக் குறைந்த பூமி. 1990 வாக்கில் நண்பர்கள் சிலர் 32 ஏக்கர் பாழ்நிலம் வாங்கி, தீயும் மேய்ச்சலும் புகாமல் காத்தார்கள். வேர்கள் உள்ளே உயிரோடுதான் இருந்தன, பல மரங்கள் தாமாகவே துளிர்த்தன. அவர்கள் தங்கள் 32 ஏக்கருக்குள் உட்கார்ந்துவிடவில்லை. சுற்றியுள்ள ஊர்ப் பெண்களின் சேமிப்புக் கூட்டுறவு, இயற்கை விவசாயிகளின் கூட்டுறவு என்று வெளியே விரிந்தார்கள். நான் பார்த்தவற்றில் என் மனசுக்கு மிக நெருக்கமான பாதை இது.

இனி பத்திரம். இது காய்ந்த விஷயம், ஆனால் இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். தாய்ப்பத்திரம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட வரைபடம் எல்லாம் கையில் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஏ-பதிவேட்டைப் பார்த்து, அது பஞ்சமி நிலமா, கோவில் நிலமா, பூதான நிலமா, நீர்நிலைப் புறம்போக்கு கலந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பஞ்சமி நிலம் 1892-க்குப் பிறகு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒப்படைக்கப்பட்டது. மற்றவர் பேரில் எழுதினால் செல்லாது என்பது ஒரு பக்கம், அதை வாங்குவது அநியாயம் என்பது இன்னொரு பக்கம். வண்டிப்பாதை பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பக்கத்துக்காரர் விடுவார்’ என்பது பாதை ஆகாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

நம் மாநிலத்தில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். ஆனால் நில உச்சவரம்பு உண்டு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர், அது நஞ்சையா புஞ்சையா என்பதைப் பொறுத்து மாறும். 20 ஏக்கரை எட்டு மனைகளாகக் கீறி ஆளுக்கொன்று எழுதிக்கொள்ளும் யோசனை உங்களில் சிலருக்கு இருக்கிறது என்று தெரிகிறது. வேண்டாம். அது அங்கீகாரமில்லா மனைப்பிரிவு ஆகிவிடும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அப்படிப்பட்ட மனைகளுக்குப் பதிவில் சிக்கல் வந்தே தீரும். அதைவிட, தனித்தனி மனை என்று வந்துவிட்டால் முதல் மனஸ்தாபத்திலேயே ஒருவர் வெளியாளுக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார், உங்கள் நடுவில் ஒரு ரிசார்ட் முளைக்கும்.

பொதுவில் வைத்திருக்க வழிகள் உண்டு. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் பதியலாம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி, அதில் யார் எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. அறக்கட்டளையும் உண்டு, ஆனால் அறங்காவலர் கையில் எல்லாம் குவிந்துவிடும், மற்றவர் வாடகைக்கு இருப்பதுபோல் உணர்வார்கள். எந்த அமைப்பு நிலத்தை எப்படி வைத்திருக்கலாம் என்பதை நில வழக்கு பார்க்கும் வக்கீல், ஒரு ஆடிட்டர் இருவரிடமும் கேட்டு முடிவெடுங்கள். உறவினர் வக்கீல் வேண்டாம்.

அமைப்பு எதுவானாலும், உங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதுங்கள். அதில் முதல் பக்கத்தில் இருக்கவேண்டியது சேர்வதைப் பற்றியது இல்லை, பிரிவதைப் பற்றியது. ஒருவர் போனால் அவர் போட்ட பணம் எப்படித் திரும்பும்? எங்களிடம் அது எழுதப்படவில்லை. முதலில் போன குடும்பம் சந்தை விலை கேட்டது. நிலம் நான்கு மடங்கு ஏறியிருந்தது. அவர்கள் பக்கமும் நியாயம்தான், பெண்ணைப் படிக்க வைக்கவேண்டும், பட்டணத்தில் திரும்ப வீடு பார்க்கவேண்டும். எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. இரண்டு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே கிணற்றில் குளித்தோம். கடைசியில் நாங்கள் வகுத்த விதி: போட்ட பணமும், அதற்கு வங்கி வைப்புக்கு நிகரான வட்டியும், ஐந்து வருடத் தவணையில். கட்டிய வீட்டுக்குத் தனி மதிப்பு, தேய்மானம் கழித்து. இதைத்தான் நீங்களும் வைக்கவேண்டும் என்று இல்லை. ஆனால் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இப்போதே எழுதிவிடுங்கள்.

முடிவு எடுப்பதில், எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்ற விதி அழகாகத் தோன்றும். நடைமுறையில் யார் அதிக நேரம் பேசுவார்களோ அவர்கள் பக்கம் போய் முடியும், அல்லது எதுவுமே நடக்காது. நிலம் விற்பது, புது ஆள் சேர்ப்பது, கடன் வாங்குவது மூன்றுக்கும் எல்லோர் ஒப்புதலும் வேண்டும் என்று வையுங்கள். மற்றதற்கு அந்த வேலையைப் பார்ப்பவரே முடிவெடுக்கட்டும். மாட்டைப் பார்ப்பவருக்குத் தீவனம் வாங்கக் கூட்டம் எதற்கு?

பொதுச் சமையலறை பற்றிக் கேட்டிருந்தீர்கள், மூன்றே வரியில். நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடமிருந்து இரண்டு குடும்பம் போனது இதனால்தான். 32 பேருக்கு மூன்று வேளை சமைப்பது முழுநேர வேலை. விறகு அடுப்பு, ஆட்டுக்கல், தற்சார்பு என்று பேசுவது ஆண்களாகவும், அரைப்பது பெண்களாகவும் போய்விடும். பட்டணத்தில் எட்டு மணி நேரம் ஆபீசில் மரியாதையோடு வேலை பார்த்த ஒரு பெண், இங்கே வந்து பத்து மாதம் இட்லிக்கு அரைத்தாள். ஒரு நாள் மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து என்னிடம், “அக்கா, நான் இதுக்கா வந்தேன்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இப்போது எங்கள் விதி: மதியச் சாப்பாடு மட்டும் பொது, காலை இரவு அவரவர் வீட்டில். மதியச் சமையல் முறை வைத்து, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். கிரைண்டரும் மிக்ஸியும் உண்டு. அதற்கான மின்சாரம் கூரையிலிருந்து வருகிறது, அதில் என்ன குற்றம்?

சாப்பாட்டுக் கணக்கும் பாருங்கள். ஆளுக்கு வருடத்துக்கு 100 கிலோ அரிசி என்றால் 32 பேருக்கு 3.2 டன். அதற்கு ஏறக்குறைய 5 டன் நெல் வேண்டும். பாரம்பரிய நெல் ஏக்கருக்கு 16 முதல் 20 மூட்டை வரும், மூட்டை 75 கிலோ. ஆக, 4 ஏக்கர் நஞ்சை வேண்டும். உங்களிடம் இருப்பது புஞ்சை. ஆழ்துளைக் கிணறு போட்டு நெல் வைக்கலாம், பக்கத்துக் கிணறுகள் வற்றும், மறுபடி ஊர்ப் பகை. புஞ்சையில் சாமை, வரகு, கம்பு, துவரை, உளுந்து, மணிலா (நிலக்கடலை) போடுங்கள். நெல்லை ஏரிப் பாசனத்தில் பயிர் செய்யும் பக்கத்து விவசாயியிடம் வாங்குங்கள். மருந்தடிக்காமல் மாப்பிள்ளைச் சம்பாவோ கிச்சிலியோ விளைவித்துக் கொடுத்தால் அறுவடைக்கு முன்பே இந்த விலை என்று பேசி முன்பணம் கொடுங்கள். எங்களுக்கு இப்போது நான்கு வீட்டார் அப்படி விளைவிக்கிறார்கள். எங்கள் தற்சார்பு எங்கள் வேலியோடு முடியாமல் அவர்கள் களத்து மேடு வரை போகிறது.

மண் தயாராக வேண்டும் என்றால் பலதானிய விதைப்பு. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் போனது இதுதான். தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பொருள், பசுந்தாள் உரச்செடி என்று கலந்து ஏக்கருக்கு 20, 25 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில், 45 முதல் 50 நாளில் மடக்கி உழவேண்டும். மணிமணியாகப் பூ வைத்த பயிரை ஏரோட்டி அழிக்க மனசு வராது. முதல் தடவை எங்கள் பக்கத்து வயல்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் வருடம் அதே மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தார். விரலுக்குள் மொரமொரப்பாக உதிர்ந்தது, மண்புழு ஒன்று நெளிந்தது. அந்த ஆடியில் அவரே விதை கேட்டு வந்தார். கரூர் கடவூரில் நம்மாழ்வார் தொடங்கிய வானகத்துக்கு உங்களில் நான்கு பேராவது போய்ப் பயிற்சி எடுத்து வாருங்கள்.

வேலிக்குக் கம்பி வேண்டாம். கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி வையுங்கள், நடுநடுவே பனங்கொட்டை. மூன்று வருடம் ஆகும். அதற்குள் ஆடு மேய்ப்பவர்களோடு தகராறு வரும். அவர்கள் தலைமுறையாக மேய்த்த இடம் அது. நாங்கள் இரண்டு ஏக்கரை அறுவடைக்குப் பிறகு கிடை போட விட்டோம். மண்ணுக்கு ஆட்டுச்சாணம் ஆனது, அவர்களுக்கு மேய்ச்சல் ஆனது, தகராறு நின்றது.

வீட்டுக்கு வருகிறேன். சுட்ட செங்கல்லைக் குறைக்க வழி, உங்கள் காலடி மண்ணிலேயே இருக்கலாம். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் 1989-லிருந்து அழுத்திய மண்கல் கற்றுத் தருகிறது. மண்ணோடு 5 சதவீதம் போல சிமெண்ட் கலந்து கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தி, சூளை இல்லாமல், நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடி வைத்துப் பதப்படுத்துவது. எல்லா மண்ணும் ஆகாது. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், மேலே வண்டல், அதற்கு மேல் களி என்று படியும். மணல் பாதிக்கு மேலும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் தைரியமாக இறங்கலாம். செங்கல்தான் வேண்டும் என்றால், கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் நான்கில் ஒரு பங்கு கல் மிச்சமாகும், உள்ளே வெப்பமும் குறையும். ஊர்க் கொத்தனாருக்கு முதல் சுவரில் கோபம் வரும், இரண்டாம் சுவரில் அவர் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். வீடு சின்னதாக இருக்கட்டும். எங்களில் பெரிய வீடு கட்டியவர்கள்தான் பணம் தீர்ந்து முதலில் நெருக்கடிக்குப் போனார்கள்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி. ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு அடுத்ததுக்கு மாறி, இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் வாடையில்லாத எரு. கிணற்றிலிருந்து தள்ளி, சரிவில் கீழே. மண் ஈரமாகவே இருக்கும் இடமென்றால் திருச்சி முசிறியில் வெற்றி கண்ட, மலமும் சிறுநீரும் தனித்தனியே சேரும் சூழல் கழிப்பறை (ஈகோசான்) முறையைப் பாருங்கள். சோலார், ஒரு கிலோவாட்டுக்கு நம் வெயிலில் நாளைக்கு நான்கு யூனிட் கிடைக்கும், அதை வைத்து அவரவர் தேவையைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரிதான் செலவு, அதனால் அரசு மின் இணைப்பையும் விட்டுவிடாதீர்கள்.

பணம். உங்கள் எட்டுக் குடும்பத்தின் மொத்தக் கையிருப்பில் பாதிக்கு மேல் நிலத்துக்குப் போகக்கூடாது. விவசாயத்தில் முதல் மூன்று வருடம் வரவை எதிர்பார்க்காதீர்கள். யாராவது இரண்டு மூன்று பேர் வீட்டிலிருந்தே பார்க்கும் பழைய வேலையைத் தொடரட்டும், அதைக் குறைவாக நினைக்கும் பேச்சு உங்கள் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வேலைக்கு வருபவருக்கு, பெண்ணாக இருந்தாலும் ஆணாக இருந்தாலும், ஒரே கூலி கொடுங்கள். பக்கத்து நிலக்காரர்கள் முணுமுணுப்பார்கள். போய்ப் பேசுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

குழந்தைகளை ஊர் அரசுப் பள்ளிக்கே அனுப்புங்கள். எங்கள் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள், அதனால்தான் அந்த ஊரில் அவர்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். சாயந்திரம் எங்கள் கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பார்கள், அதற்கு நாங்கள் மாறி மாறி உட்காருவோம். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் எப்போதும் இருக்கிறது, இரவில் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்பதை ஒரு தடவை ராத்திரியில் வண்டி ஓட்டிப் பார்த்து அட்டையில் எழுதி ஒட்டுங்கள். எங்களுக்கு அது இரண்டு முறை தேவைப்பட்டது.

அட்வான்ஸை அடுத்த மாதம் கொடுக்கவேண்டாம். ஐப்பசி வரை பொறுங்கள். நிலக்காரர் அவசரப்படுத்தினால் ஒப்பந்தக் காலத்தை நீட்டிக் கேளுங்கள், முடியாது என்றால் வேறு நிலம் கிடைக்கும். நல்ல மழை கொட்டும் நாளில் எட்டுக் குடும்பத்திலிருந்தும் ஆளுக்கொருவர் குடையோடு போய், நிலத்தின் மேல்கோடியில் நின்று, தண்ணீரோடு கூடவே கீழே நடந்து வாருங்கள். எல்லையில் நின்றுவிடாமல் அது எந்த ஏரியில் போய் விழுகிறதோ அதுவரை நடங்கள். ஏரிக்கரையில் யாராவது நின்று மடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரிடம் பேச்சுக் கொடுங்கள்.